தவிலுக்கு உகந்த பலா ஸ்பீக்கர் பெட்டிக்கு உகக்குமா?

மரவேலை: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: ரீவி வைக்கும் மேசை, ஸ்பீக்கர் பெட்டி, அம்பிளிபயர் வைக்கும் அலுமாரி. சித்திரைக்கு முன்னர் வீட்டைத் திருத்தி எடுக்கும் காலம் இது, அதனால்தான் போலும். சரி, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*

கொக்குவிலில் புது வீடு கட்டிக் குடிபுகப் போகிறோம் ஐயா. 55 அங்குல ரீவிக்கு ஓர் அலுமாரி செய்ய வேண்டும். முழுக்கத் தேக்கில்தான் செய்ய வேண்டும் என்று கணவர் நிற்கிறார். கடையில் எம்டிஎஃப் போதும், விலையும் குறைவு என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? — வாசகி, கொக்குவில்

தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. மரத்தின் பெயரைப் பிறகு பார்ப்போம். முதலில் எனக்கு ஒன்று சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் நிலம் எப்படித் துடைக்கிறீர்கள்? வாளியில் தண்ணீர் வைத்து, துணியைப் பிழிந்தும் பிழியாமலும் துடைக்கிற வீடு என்றால், நிலத்தோடு முட்டும் பலகை ஒவ்வொரு நாளும் குளிக்கிறது. எம்டிஎஃப் என்பது மரத்தூள் நாரைப் பசையோடு அழுத்திய பலகை. அதன் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும், பெயின்ற் அழகாகப் பிடிக்கும். ஆனால் வெட்டிய ஓரம் தண்ணீரை உறிஞ்சினால் தேத்தண்ணிக்குள் தோய்த்த விசுக்கோத்து மாதிரி ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். எம்டிஎஃப் யாழ்ப்பாணத்துக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு வெள்ளை நிறத்தில் நீளமான ரீவி மேசை ஒன்று செய்து கொடுத்தேன். அடிப்பலகை நேரே நிலத்தில் இருந்தது. அந்த அம்மா வீட்டைக் கோயில் மாதிரி வைத்திருப்பவர், காலையும் மாலையும் துடைப்பார். எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அடி ஓரம் முழுவதும் பெயின்ற் வெடித்து, 18 மில்லிமீற்றர்ப் பலகை ஓரத்தில் கண்ணுக்குத் தெரிய வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உதிர்ந்தது. பிழை என்னுடையது. அடியைக் கழற்றி மகோகனியில் கால் வைத்து மாற்றிக் கொடுத்தேன்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: கலந்து செய்யுங்கள். நிலத்தில் நிற்கும் கால்கள் தேக்கு அல்லது மகோகனி. ஐந்து அங்குல உயரம் விட்டால் துடைப்பான் உள்ளே போய் வரும், கறையான் ஏறினாலும் கண்ணில் படும். பெட்டியின் உடம்பு, அதாவது பக்கங்கள், மேற்பலகை, தட்டுகள், 18 மில்லிமீற்றர் பிளைவூட். முன் ஓரங்களில் தேக்குச் சட்டம். கதவு மட்டும் பெயின்ற் அடிப்பதாக இருந்தால் எம்டிஎஃப் நல்லது, ஏனென்றால் அது வளையாது. வாங்கும்போது ஈ1 தரம் என்று கேட்டு வாங்குங்கள். பசையிலிருந்து வரும் மணமும் வாயுவும் அதில் குறைவு. வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் சீலர் அடிக்கச் சொல்லுங்கள், உள்ளே தெரியாத ஓரத்துக்கும்கூட.

கணவர் தேக்கைக் கேட்பதன் காரணம் எனக்கு விளங்குகிறது. 29 அங்குலப் பழைய ரீவி நாற்பது கிலோவுக்கு மேல் இருந்தது. அதைத் தூக்கி வைத்த காலத்தில் நாங்கள் எல்லோரும் இரும்பு மாதிரி மேசை செய்தோம். இன்றைய 55 அங்குல ரீவி பெரும்பாலும் இருபது கிலோவுக்குள்தான். இப்போது பிரச்சினை பாரம் இல்லை, நீளம். ஆறு அடி மேற்பலகையை இரண்டு முனையில் மட்டும் தாங்கினால், எந்த மரமாக இருந்தாலும் நாளடைவில் நடுவில் தொய்யும். ஒரே பாரத்தை நடுவில் வைத்து, தாங்கும் இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டு மடங்காகும். மறுபக்கமாக, 18 மில்லிமீற்றருக்குப் பதில் 25 மில்லிமீற்றர் போட்டால் விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடும். நடுவில் கீழிருந்து தாங்க நிமிர்ந்து நிற்கும் ஒரு பலகை கொடுத்துவிட்டாலே போதும், செலவில்லாத வழி அதுதான்.

தேக்கு வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். பலகையின் ஓரத்தில் வெளிறிய பட்டை இருக்கிறதா? அது வெள்ளை, அதாவது வைரம் பாயாத பகுதி. இளந்தேக்கில் அது அதிகம். தேக்கு என்ற பெயரில் வாங்கினாலும் வெள்ளையைக் கறையான் தின்னும்.

*

நாங்கள் தவில் குடும்பம். வீட்டில் தவிலுக்கென்று வாங்கி மிஞ்சிய பலாக் குற்றிகள் பல வருடமாகக் காய்ந்து கிடக்கின்றன. மகன் பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கர் பெட்டி செய்ய ஆசைப்படுகிறான். இவ்வளவு நாதம் தருகிற மரத்தில் செய்தால் ஸ்பீக்கரும் நன்றாகப் பேசும்தானே? — வாசகர், இணுவில்

அண்ணை, தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். உங்கள் மகனுக்கும் என் அன்பு. ஆனால் பதில் நீங்கள் எதிர்பார்த்ததற்கு மறுபக்கம்.

தவிலை எண்ணிப் பாருங்கள். ஒரே பலாக் குற்றியைக் குடைந்து எடுத்த கொட்டு. தோலில் அடி விழுந்ததும் அந்தக் கொட்டும் சேர்ந்து அதிர வேண்டும், உள்ளிருக்கும் காற்றும் அதிர வேண்டும். மரம் தன் குரலைச் சேர்ப்பதால்தான் அது தவில். தொப்பி என்னும் இடப்பக்கத்தை அடிக்கும் கழிக்குப் பூவரசை எடுப்பதும் அதே கவனத்தோடுதான். அந்தக் கழியின் கனமும் இறுக்கமும் கைக்குச் சரியாக வர வேண்டும். வாத்தியத்தில் மரமும் ஒரு வித்துவான்.

ஸ்பீக்கர் பெட்டியின் வேலை வேறு. பாடுகிறவர் ஏற்கெனவே பாடி முடித்துவிட்டார், தவில்காரர் வாசித்து முடித்துவிட்டார். அதை அப்படியே கொண்டுவந்து தருவது ஸ்பீக்கரின் கூம்பு. பெட்டி அதனுடன் சேர்ந்து பாடத் தொடங்கினால், எல்லாப் பாட்டிலும் அதே ஒரு ‘ம்ம்ம்’ கலந்து வரும். மிருதங்கமும் வயலினும் எல்லாம் பலாவின் குரலில் கேட்கும். பெட்டி வாய் மூடி இருக்க வேண்டும். தட்டிப் பாருங்கள்: காய்ந்த பலாப் பலகையை விரல் மொழியால் தட்டினால் ‘டொங்’ என்று நீளும். அதே அளவு எம்டிஎஃப் துண்டைத் தட்டினால் ‘தக்’ என்று நின்றுவிடும். அந்தத் ‘தக்’தான் நமக்கு வேண்டும். நார் எல்லாத் திசையிலும் கலந்து, அடர்த்தி ஒரே சீராக இருப்பதால் அதற்கு அந்தக் குணம். எட்டடிக்கு நாலடி, 18 மில்லிமீற்றர் எம்டிஎஃப் பலகை ஒன்று கிட்டத்தட்ட நாற்பது கிலோ இருக்கும். தனியாகத் தூக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் காற்று. ஸ்பீக்கர் பெட்டி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். தனிமரப் பலகை மாரியில் பொதும்பும், சோழகத்தில் சுருங்கும். ஒரு நாள் மூலையில் மயிரிழை அளவு பிரியும், அதிலிருந்து ‘புஸ்’ என்று காற்றுச் சத்தம் வரும்.

மகனுக்குச் செய்முறையாக இதைச் சொல்லுங்கள். உடம்பு 18 மில்லிமீற்றர் எம்டிஎஃப். எதிரெதிர்ப் பக்கங்களை நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தால் பிணைக்க வேண்டும், அதிர்வில் பெரும்பகுதி அதிலேயே அடங்கும். எல்லா மூட்டுக்கும் பசை, உள்ளே மூலைகளுக்கு மறுபடியும் பசை ஓட்டல். உள் சுவரில் பஞ்சு அல்லது கம்பளி விரிப்பு. பெட்டியின் கொள்ளளவை மனம்போல வைக்கக் கூடாது. ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்எஸ் (Fs), கியூடீஎஸ் (Qts), வாஸ் (Vas) என்று ஸ்பீக்கரின் குணத்தைச் சொல்லும் மூன்று எண்கள் இருக்கும், அதை வைத்துத்தான் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். அந்தத் தாள் இல்லாத ஸ்பீக்கரை வாங்க வேண்டாம்.

உங்கள் பலா வீணாகப் போகாது. அதை மெல்லிய தகடாக அரிந்து பெட்டியின் வெளிமுகத்தில் ஒட்டலாம். ஒட்டினால் உள்முகத்திலும் ஏதாவது ஒரு தகட்டை ஒட்ட வேண்டும், ஒருபக்கம் மட்டும் ஒட்டிய பலகை வளையும். இல்லாவிட்டால் பெட்டி நிற்கும் பீடத்தைப் பலாவில் செய்யுங்கள். பலா புதிதில் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுத் தவிட்டு நிறமாகும். தவில் கொட்டில் நீங்கள் பார்த்த அதே நிறம். இன்னொன்று: பீடத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் தடித்த இறப்பர்த் துண்டுகள் நாலு வையுங்கள்.

*

மழைக்கு எங்கள் முற்றத்து வேம்பு சாய்ந்துவிட்டது. ஐயா காலத்து மரம். விறகுக்குப் போட மனம் வரவில்லை. ரீவி அலுமாரி செய்ய வேப்பம்பலகை உதவுமா? — வாசகர், சாவகச்சேரி

உதவும். வேம்பு மகோகனியின் குடும்பம்தான். வைரம் செந்தவிட்டு நிறத்தில் அழகாக இருக்கும். அதன் கசப்பு எவ்வளவு வலியது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டையால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது, நாங்களும் பட்டறையை அப்படியே விட்டுவிட்டு உங்கள் தென்மராட்சிப் பக்கம்தான் வந்தோம். ஆறு மாதம் கழித்து, 1996 சித்திரையில் திரும்பிப் போனபோது கூரையில் பாதி இல்லை. உள்ளே முடிக்காமல் விட்டுப்போன ஒரு றேடியோ அலுமாரி நின்றது. சுவரோடு முட்டி நின்ற அதன் பிளைவூட் முதுகைக் கறையான் முழுதாகத் தின்றிருந்தது, கை வைத்ததும் மண் மட்டும் கொட்டியது. உள்தட்டு சிப் போர்ட், அதுவும் போய்விட்டது. நாலு வேப்பங்கால்களும் சட்டமும் அப்படியே நின்றன. காலின் மேலே கறையான் மண் குழாய் ஏறிப் போயிருந்தது, ஆனால் மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வேப்பங்காலை ஏணியாக மட்டும் பாவித்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த நாலு கால்களையும் நான் எறியவில்லை. இப்போது என் வேலை மேசைக்கு அவைதான் கால்.

ஆனால் வேம்புக்கு ஒரு குணம் உண்டு: முறுக்கும். நார் ஒன்றுக்கொன்று மாறி ஓடுவதால் சீவுளி ஒரு பக்கம் வழுக்கிப் போகும், மறுபக்கம் பிய்த்தெடுக்கும். அவசரப்பட்டுப் பச்சையில் செய்தால் கதவு இரண்டு மாதத்தில் பூட்டாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஆலைக்குக் கொண்டுபோகும் முன்னர் மரத்தை நன்றாகப் பாருங்கள். உங்கள் ஊர் மரங்கள் சண்டையைக் கண்டவை. பட்டையில் மூடிய வடு, புடைத்த கட்டி, நீலம் பாய்ந்த கறை இருந்தால் உள்ளே சன்னமோ செல் துண்டோ இருக்கலாம். ஒரு முறை நான் கொண்டுபோன மாங்குற்றிக்குள் இருந்த இரும்பால் வாள் பல் பறந்து, அரிகிற பொடியனின் காதோரம் உரசிக்கொண்டு போனது. இன்றைக்கும் அந்தச் சத்தம் என் காதில் நிற்கிறது. இரும்பு காட்டும் கருவி உள்ள ஆலைக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் சந்தேகமான துண்டை விறகுக்கு விடுங்கள். மரத்தை வீதியில் ஏற்றிக்கொண்டு போக முன்னர் அனுமதி வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

ஒன்றேகால் அங்குலத் தடிப்பில் அரிந்து எடுங்கள், காய்ந்து சீவினால் ஓர் அங்குலம் நிற்கும். பலகைகளை நிழலில், நிலத்திலிருந்து ஒரு கல் உயரத்தில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரே தடிப்பான ரீப்பைக் குறுக்கே வைத்து அடுக்குங்கள். ரீப்பைகள் மேலிருந்து கீழே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வளையும். மேலே கல் பாரம் வையுங்கள். முனைகளுக்குப் பழைய பெயின்ற் பூசுங்கள், முனைதான் முதலில் காய்ந்து வெடிக்கும்.

எப்போது காய்ந்தது என்று எப்படி அறிவது? மீற்றர் இல்லாவிட்டால் தராசு போதும். அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து நிறுத்து, திகதியோடு அதிலேயே பென்சிலால் எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிறுங்கள். என்னிடம் ஒரு வேப்பந்துண்டு இருக்கிறது: 2 கிலோ 410 கிராமில் தொடங்கி, வரிசையாக எண்கள் இறங்கி, கடைசி மூன்று முறையும் 1 கிலோ 620 என்று நிற்கிறது. எண் இறங்காமல் நின்றால் மரம் வீட்டின் காற்றோடு சமாதானம் ஆகிவிட்டது என்று பொருள். ஒரு மாரியும் ஒரு சோழகமும் கடக்கட்டும். ஐயா காலத்து மரத்துக்கு ஒரு வருடம் பொறுப்பது பெரிய காரியம் இல்லை.

செய்யும்போது அகலப் பலகையைச் சட்டத்துக்குள் பசை போட்டு ஒட்ட வேண்டாம். சட்டத்தில் காடி எடுத்து, பலகையை அதற்குள் சும்மா நிறுத்துங்கள். 16 அங்குல அகலப் பலகை மாரிக்கும் கோடைக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விரியும், சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில்தான் அசைவு. அசைய இடம் விட்டால் அமைதியாக இருக்கும். இடம் விடாவிட்டால் ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில் ‘டப்’ என்று வெடித்து, வீட்டுக்காரரைப் பயப்படுத்தும்.

*

பழைய கல்வீட்டுக் கூரையைக் கழற்றினோம். பனஞ்சிலாகைகளும் வளைகளும் கறுத்து, கல் மாதிரி இருக்கின்றன. இவற்றில் ரீவி மேசை செய்ய முடியுமா? உள்ளூர்த் தச்சர் மாட்டேன் என்கிறார். — வாசகர், வேலணை

அவர் மாட்டேன் என்றதில் நியாயம் இருக்கிறது. பனை மற்ற மரங்களைப் போல் வளையம் வளையமாக வளர்வதில்லை. வைரம் வெளியே, சோறு உள்ளே. கறுத்த நார்கள் கம்பி மாதிரி நெடுக ஓடும். நடுவே மென்மையான பகுதி. சீவுளியைப் போட்டால் அலகு சீக்கிரம் மழுங்கும், குறுக்கே வெட்டினால் நார் பிய்ந்து கையில் ஏறும். பனஞ்சிராய் ஏறினால் எடுப்பதும் கஷ்டம், காயம் சீழ் வைக்கவும் செய்யும். தடித்த கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

ஆனால் நூறு வருடக் கூரையைத் தாங்கிய பனை அது. இனி அப்படி ஒன்று கிடைக்காது. பெண் பனையை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அப்படித்தான். அதனால் கூரையிலிருந்து வருகிற பழைய பனையை நான் பொன்னாகவே பார்க்கிறேன்.

பனையில் பலகை தேட வேண்டாம். அகலமான முகம் அதில் வராது. கால், நெடுஞ்சட்டம், குறுக்குச் சட்டம் என்று நீளமாக நிற்கும் வேலைகளுக்கு மட்டும் பாவியுங்கள். மேற்பலகைக்கு மகோகனியோ பிளைவூட்டோ போடலாம். கழுந்தும் துளையும் எடுப்பது பனையில் பெரும்பாடு, ஆகவே துளைபோட்டு போல்ற் போட்டு இறுக்குங்கள். போல்ற் கறையில்லா இரும்பாக இருக்கட்டும், உங்கள் தீவுக் காற்றில் சாதாரண இரும்பு ஒரு மாரியைத் தாண்டாது. பழைய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். அரத்தாளால் நார் ஓடும் திசையில் மட்டும் தேய்த்து, எண்ணெய் இரண்டு தரம் பூசினால் கறுப்பும் மஞ்சளும் வரிவரியாக எழும்பும். அதைக் கண்ட பிறகு வார்னிஷால் மூட உங்களுக்கே மனம் வராது.

*

அலுமாரியில் பித்தளை ஆணி போடச் சொன்னேன், தச்சர் இரும்பு ஆணி போட்டுவிட்டார். ஆணியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் வந்திருக்கிறது. மரம் பழுதா? — வாசகி, பருத்தித்துறை

மரம் பழுதில்லை, தங்கச்சி. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் கலந்தால் கறுப்பாகும். கடற்கரைக் காற்றில் இது கெதியில் வரும். ஆணியைக் கழற்றி, தேசிக்காய்ப் புளியால் கறையைத் துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். பெரும்பகுதி மங்கும். பிறகு பித்தளைத் திருகாணி போடச் சொல்லுங்கள்.

*

ரொறன்ரோவில் இருக்கிறேன். மானிப்பாயில் அப்பா அம்மாவுக்காக ரீவி அறை ஒன்று ஒழுங்குசெய்கிறேன். இங்கே பெட்டியில் வருகிற பொருத்துத் தளபாடம் வாங்கிக் கப்பலில் அனுப்பலாமா, அல்லது அங்கே இறப்பர் மரத் தளபாடம் வாங்கலாமா? — வாசகி, ஸ்காபரோ

அனுப்ப வேண்டாம், மகள். பெட்டியில் வருகிறவற்றில் பெரும்பாலானவை மரத்துகள் பலகை. ஒருமுறை பூட்டினால் நல்லது, கழற்றி மறுபடி பூட்டினால் திருகாணி பிடிக்காது. மாரியில் எம்டிஎஃப்பைவிடக் கெதியாக ஊதும்.

இறப்பர் மரம் நல்ல தெரிவு, நம் நாட்டிலேயே விளைவது. அதில் மாச்சத்து அதிகம், அதனால் மரத்தைத் துளைக்கும் உளு பிடிக்கும். ஆலையில் போரிக் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் காயவைத்ததா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மருந்தேற்றிய இறப்பர் மரம் வீட்டுக்குள் பல வருடம் நிற்கும். ஆனால் அந்த மருந்து தண்ணீரில் கரைந்து போகக்கூடியது. திண்ணையிலோ சாரல் அடிக்கும் யன்னலோரத்திலோ வைக்கக் கூடாது. வாங்கிய பிறகு எங்காவது சிறு துளையும் அதன் கீழே மா மாதிரித் தூளும் கொட்டியிருந்தால், அன்றைக்கே கடைக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். வயதானவர்கள் இருக்கும் வீடு. ரீவியை உயரத்தில் பூட்டிக் கழுத்தை நிமிர்த்த வைக்காதீர்கள். அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து பார்ப்பவர் என்றால், அந்தக் கதிரையில் அவரை இருத்தி, அவருடைய கண்ணின் உயரத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். மேசையின் உயரத்தை அதிலிருந்துதான் தீர்மானிக்க வேண்டும்.

*

அம்பிளிபயர், டிஷ் பெட்டி எல்லாவற்றையும் கதவு போட்ட அலுமாரிக்குள் வைத்தோம். தூசி இல்லை, அழகாக இருக்கிறது. ஆனால் அம்பிளிபயர் அரை மணித்தியாலத்தில் நின்றுவிடுகிறது. கதவைத் திறந்தால்தான் றிமோட்டும் வேலை செய்கிறது. மரத்தை மாற்ற வேண்டுமா? — வாசகர், நல்லூர்

மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது, அதுதான் காரணம். சூடு உள்ளேயே அடைபடுகிறது. அம்பிளிபயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கிறது, பழுதில்லை. முதுகுப் பலகையை வெட்டி விடுங்கள். கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு. சூடான காற்று மேல் திறப்பால் போகும், குளிர்ந்தது கீழ்த் திறப்பால் வரும். அம்பிளிபயருக்கு மேலே நாலு விரற்கடை தாராளமாக விடுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியும் வையுங்கள்.

றிமோட்டின் கதிர் மரத்துக்குள் போகாது, கண்ணாடிக்குள் போகும். ஆனால் கண்ணாடிக் கதவு பாட்டுப் போட்டால் கிணுகிணுக்கும், வெக்கையும் அப்படியே நிற்கும். அதனால் நான் இப்போது செய்வது வேறு. கதவுக்குச் சட்டம் மட்டும் மரத்தில் செய்து, நடுவில் பிரம்புப் பின்னல் போடுகிறேன். பழைய பிரம்புக் கதிரையின் முதுகில் பார்த்திருப்பீர்களே, அந்த எட்டு மூலைக் கண் பின்னல். காற்றும் போகும், சத்தமும் போகும், றிமோட்டும் வேலை செய்யும். போன வருடம் ஒரு வீட்டுக்குப் பிரம்புக்குப் பதில் பனை ஈர்க்கைச் சீவி, கண் விட்டுப் பின்னிப் பார்த்தேன். பின்னிக் கொடுத்தவர் வீட்டிலிருந்தே கடகமும் சுளகும் பின்னுகிற ஓர் அம்மா. ஈர்க்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரே தடிப்பாக வகிர்ந்து, ஒரு கதவுக்கு ஒன்றரை நாள் எடுத்தார். மாலை வெயில் அந்தக் கதவில் பட்டு நிலத்தில் சதுரம் சதுரமாக நிழல் விழுவதை அந்த வீட்டுப் பிள்ளைகள் இருந்து பார்ப்பார்களாம். பின்னலை மிக நெருக்கமாகப் போட்டால் றிமோட் தடுமாறும். கண் ஒவ்வொன்றும் கடலை அளவாவது இருக்க வேண்டும்.

*

அம்மம்மாவின் வால்வு றேடியோப் பெட்டி ஒன்று இருக்கிறது. றேடியோ வேலை செய்யாது. பெட்டியின் மேல்தோல் கொப்பளித்து எழும்பி இருக்கிறது. மறுபடி புதிதாக்கி உள்ளே சிறிய புளூரூத் ஸ்பீக்கர் வைக்க ஆசை. படம் அனுப்பியிருக்கிறேன். — வாசகி, உரும்பிராய்

படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வீடு அது. நான் சுற்றுவேன், அப்பா செய்தி கேட்பார்.

உங்கள் பெட்டியின் மேல்தோல் உரிந்தது என்று நினைத்துக் கிழித்துவிடாதீர்கள். அது மெல்லிய மரத்தகடு. கீழே இருப்பது ஒட்டுப்பலகை. அந்தக் காலத்தில் விலங்குப் பசையால்தான் பெரும்பாலும் ஒட்டினார்கள். அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் மறுபடி இளகும். எழும்பிய இடத்தில் ஈரத்துணியை மடித்து வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் வைத்து எடுங்கள். உடனே ஒரு தட்டையான பலகையை வைத்துப் பாரமேற்றி ஒரு நாள் விடுங்கள். படியாத இடத்தில் கூரான அலகால் நார் ஓடும் திசையில் சிறு கீறு போட்டு, உள்ளே வெள்ளைப் பசையைச் செலுத்தி மறுபடி பாரம் வையுங்கள். பிறகுதான் பொலிஷ். பழைய பெட்டிகளுக்கு அரக்குப் பொலிஷ்தான் பொருந்தும், துணியில் தொட்டு மெல்லிய தடவலாகப் பத்துத் தடவை.

ஸ்பீக்கர் வைப்பதற்காக முன்பக்கத் துணியை வெட்ட வேண்டாம், பழைய கூம்பு இருந்த இடமே போதும். உள்ளே இருக்கும் வால்வுகளையும் எண் தட்டையும் கழற்றினால் ஒரு பெட்டியில் பத்திரமாக வையுங்கள். பல வருடம் பாவிக்காத வால்வு றேடியோவை மின்சாரத்தில் செருகிப் பார்க்க வேண்டாம். உள்ளே பழைய கபாசிற்றர்கள் பழுதாகி இருக்கும், ஆபத்து.

நீங்கள் அனுப்பிய படம் முன்பக்கம் மட்டும். பெட்டியின் முதுகையும் அடிப்பலகையையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். அடியில் உளு விழுந்திருந்தால் மேல்தோலைத் தொட முன்னர் அதைப் பார்க்க வேண்டும்.